கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: ஆக்சஸில் ஒரு விலையை மட்டும் எடுக்க

கேள்வி: லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறோம். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில் 'சரக்கு' என்ற டேபிளில் எண், பெயர், விலை இருக்கின்றன. பில் ஃபார்மில் சரக்கெண்ணை அடித்ததும் விலை தானாக வர வேண்டும். எக்செலில் விலுக்கப் போடத் தெரியும். இங்கே என்ன வழி?
- வாசகர், குடியாத்தம்

பதில்: இதற்கென்றே உள்ள ஃபங்ஷன் டிலுக்கப் (DLookup). எந்த ஃபீல்டு, எந்த டேபிள், என்ன நிபந்தனை என்று மூன்றைக் கேட்கும். விலைக்கான டெக்ஸ்ட் பாக்ஸின் பிராப்பர்ட்டி ஷீட்டில், டேட்டா பக்கத்தில் உள்ள கன்ட்ரோல் சோர்ஸில் இப்படி எழுதுங்கள் (ஃபங்ஷன் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில்):

=டிலுக்கப்("[விலை]", "[சரக்கு]", "[எண்]=" & [சரக்கெண்])

[சரக்கெண்] மேற்கோளுக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். அதை உள்ளே தள்ளிவிட்டால் ஃபார்மில் அடித்த எண் போகாது. உங்கள் எண் 'கு12' போல எழுத்தும் கலந்தது என்றால், அந்த ஃபீல்டு டெக்ஸ்ட் வகை. மதிப்பைச் சுற்றி ஒற்றை மேற்கோள் வேண்டும்:

"[எண்]='" & [சரக்கெண்] & "'"

டெக்ஸ்ட் ஃபீல்டுக்கு மேற்கோள் விட்டுப்போவதும், நம்பர் ஃபீல்டுக்குத் தேவையில்லாமல் போடுவதும்தான் பாக்ஸில் #எரர் வருவதற்குப் பெரும்பாலும் காரணம். புதிய பில் திறந்தவுடனே எரர் வந்தால் விஷயம் வேறு. சரக்கெண் காலியாக இருப்பதால் நிபந்தனை "[எண்]=" என்று பாதியில் நிற்கிறது. நம்பர் ஃபீல்டானால் [சரக்கெண்] இருக்கும் இடத்தில் என்இசட்([சரக்கெண்], 0) என்று போட்டால் சரியாகிவிடும். என்இசட் (Nz) என்பது, மதிப்பு காலியாக இருந்தால் அதற்குப் பதில் நாம் சொன்னதைத் தரும் ஃபங்ஷன்.

ஆனால் பில்லுக்கு இந்த முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கன்ட்ரோல் சோர்ஸில் எழுதியது வெறும் காட்சி. டேபிளில் எதுவும் பதிவாகாது. அடுத்த மாதம் லுங்கி விலையை ஏற்றினால், போன மாதத்துப் பில்லைத் திறக்கும்போதும் புது விலைதான் தெரியும்! ஆகவே பில் விவர டேபிளில் 'விலை' என்று தனி ஃபீல்டு வைத்து டெக்ஸ்ட் பாக்ஸை அதோடு இணையுங்கள். சரக்கெண் பாக்ஸின் ஆஃப்டர் அப்டேட்டில் மேக்ரோ பில்டரைத் திறந்து, 'ஷோ ஆல் ஆக்‌ஷன்ஸ்' அழுத்தினால் செட்வேல்யூ கிடைக்கும். ஐட்டத்தில் [விலை], எக்ஸ்பிரஷனில் மேலே உள்ள டிலுக்கப் வரி, முதல் சமக்குறி இல்லாமல். கோப்பு டிரஸ்டட் இடத்தில் (ஆக்சஸ் நம்பும் ஃபோல்டரில்) இல்லாவிட்டால் செட்வேல்யூ ஓடாது.

இதையே ஆக்சஸின் புரோகிராம் மொழியான விபிஏவில் எழுத நினைத்தால், டேபிள், ஃபீல்டு பெயர்களை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த எடிட்டரில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பொருந்தும் சரக்கு இல்லாதபோது டிலுக்கப் தருவது 'நல்' (Null), அதாவது வெற்று மதிப்பு. அதை கரன்சி வேரியபிளில் போட்டால் எரர் 94 வரும். என்இசட்டால் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: ஷூ உதிரி சப்ளை செய்கிறோம். பில் தேதியை வைத்து விலை எடுத்தால் 25-ஆம் தேதிக்குச் சரியாக வருகிறது, 5-ஆம் தேதிக்குத் தப்பாக வருகிறது. ஏன்?
- வாசகர், ஆம்பூர்

பதில்: நிபந்தனையில் # குறிகளுக்குள் வரும் தேதியை ஆக்சஸ் அமெரிக்க வரிசையில், மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும். 05-03-2024 மே 3 ஆகிவிடும். 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் 25-03-2024 மட்டும் தப்பிக்கிறது. எரரும் வராது, அதனால்தான் பல நாள் யாரும் கவனிப்பதில்லை. ஃபார்மேட் ஃபங்ஷனால் ஆண்டு-மாதம்-நாள் வரிசைக்கு மாற்றி, பிறகு # குறிகளுக்குள் சேருங்கள்.

ஒரே உதிரிக்குப் பல தேதிகளில் பல விலை இருந்தால் இன்னொரு சிக்கல். பொருந்தும் வரிகளில் ஏதோ ஒன்றைத்தான் டிலுக்கப் தரும். அது கடைசி விலை என்று உத்தரவாதமில்லை. மிகப் பெரிய மதிப்பைத் தரும் டிமேக்ஸ் (DMax) ஃபங்ஷனால் பில் தேதிக்கு முந்தைய அல்லது அதே நாளின் கடைசித் தேதியைக் கண்டுபிடித்து, அந்தத் தேதியையும் உதிரி எண்ணையும் 'அண்ட்' போட்டு நிபந்தனையில் கொடுங்கள்.

கேள்வி: பட்டுச் சேலை இருப்பு ரிப்போர்ட்டில் டிலுக்கப் போட்ட கொயரி மிக மெதுவாக ஓடுகிறது.
- வாசகர், ஆரணி

பதில்: ஒவ்வொரு வரிக்கும் அது தனியாக ஒரு தேடல் நடத்துகிறது. கொயரி டிசைனில் சரக்கு டேபிளையும் சேர்த்து, எண்ணோடு எண்ணை ஜாயின் செய்து விலையை நேரே இழுங்கள். எண் ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.