"நான் சொன்னா யார் கேக்கப் போறாங்க?"

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். குடிமையியலில் எப்போதும் முழு மதிப்பெண். ஆனால் சுற்றி நடக்கும் எதிலும் ஈடுபாடு இல்லை. கேட்டால், "நான் சொன்னா யார் கேக்கப் போறாங்க?" என்கிறான். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை யாரும் தன்னிடம் எதையும் கேட்டதில்லை என்ற வருத்தம்தான் அதில் எனக்குத் தெரிகிறது.

ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். அரசின் மூன்று அங்கங்களைக் கடகடவென்று ஒப்பித்த பிள்ளைகளிடம், "தெருவிளக்கு எரியலன்னா யார்கிட்டப் போய்ச் சொல்வீங்க?" என்று கேட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும், "அப்பாகிட்ட" என்றாள். அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. யாரிடம் போக வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதனால் சின்னதாக ஆரம்பியுங்கள். அவன் கண்ணை உறுத்தும் ஒரு குறையை அவனே சொல்லட்டும். பள்ளியில் ஒழுகும் குழாயாகக்கூட இருக்கலாம். அது யார் பொறுப்பு என்று அவனே விசாரிக்கட்டும். அப்புறம் ஒரு மனு. என்ன குறை, எங்கே, எத்தனை நாளாக, என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி போதும். தேதி போட்டு, நகல் எடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள், ஆனால் அவனே பேசட்டும்.

முதல் தடவை பதில் வராமல் போகலாம். அங்கே விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து அதே நகலோடு போய் நிற்கும்போதுதான், பணம் இல்லாமல் நிற்கிறதா, முடிவெடுக்கும் அதிகாரம் வேறு மேசையில் இருக்கிறதா என்பதெல்லாம் அவனுக்குப் புரியவரும்.

யார் கேட்பார்கள் என்கிறானே, அவனுக்கு மேரி பெத் டிங்கரைப் பற்றிச் சொல்லுங்கள். 1965-ல் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவில் பள்ளிக்குப் போனபோது அவருக்கு 13 வயது. பள்ளி இடைநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969-ல் மாணவர்கள் பக்கம் தீர்ப்பானது. மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு. வீட்டு முடிவுகளில் அவனைக் கேட்கிறீர்களா?

குழாய் என்னவாயிற்று என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். சரியாகாவிட்டாலும் எழுதட்டும்.