மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக இறங்கினால் மாதம் எவ்வளவு கிடைக்கும்?

முதல் வருடம் சொற்பம்தான். விநியோகஸ்தர்களுக்கான என்ஐஎஸ்எம் 5-ஏ தேர்வு எழுதி, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் ஏஆர்என் என்ற பதிவு எண் வாங்கினால் தொழிலைத் தொடங்கிவிடலாம். வருமானம்தான் மெதுவாக வரும். முதலீடு செய்ததுமே மொத்தமாகக் கிடைத்த முன்பணக் கமிஷனை 2018-இல் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நிறுத்திவிட்டது. இப்போது வாடிக்கையாளர் பணம் ஃபண்டில் இருக்கும்வரை வரும் டிரெயில் கமிஷன்தான் முக்கிய வருமானம்.

100 பேர் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாந்திர முதலீடு) போட்டாலும் வருடக் கடைசியில் சேர்வது 60 லட்சம். டிரெயில் வருடத்துக்கு 0.8% என்று வைத்தால் மாதம் 4,000 ரூபாய். அந்த 100 பேரைப் பிடிப்பதற்குள் பெட்ரோலுக்கே அது போய்விடும்! வாடிக்கையாளர்களின் மொத்த முதலீடு 5 கோடியானால் மாதம் சுமார் 33,000.

பலர் இரண்டாம் வருடமே விட்டுவிடுவது இதனால்தான். சந்தை சரிந்தால் கமிஷனும் சரியும். பயந்து எஸ்ஐபியை நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டு வருட வீட்டுச் செலவு கையில் இல்லாமல் இப்போதைய வேலையை விடாதீர்கள்.

கட்டணம் வாங்கி ஆலோசனை மட்டும் சொல்ல விரும்பினால் செபி பதிவு தனி. என்ஐஎஸ்எம் 10-ஏ, 10-பி தேர்வுகள் வேண்டும். ஒரே வாடிக்கையாளரிடம் கட்டணமும் கமிஷனும் சேர்த்து வாங்க முடியாது.