ஒரே நாளில் மலாக்கா சென்று திரும்பலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் யீஷூனில் வசிக்கும் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்குவதற்காக நானும் என் கணவரும் செல்லவிருக்கிறோம். ஒரு சனிக்கிழமை மருமகனின் காரில் மலேசியாவிலுள்ள மலாக்காவுக்குப் போய், இரவுக்குள் திரும்பிவிடலாம் என்கிறார்கள். கணவருக்கு வயது 67. சர்க்கரை நோய் உண்டு. இது சரிப்படுமா?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சரிப்படும்; ஆனால் சனிக்கிழமை வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 240 கிலோமீட்டர்தான், நெடுஞ்சாலையும் நன்றாக இருக்கும். நேரத்தை விழுங்குவது எல்லைச் சாவடி. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளை எண்ணூர் நெடுஞ்சாலையில் பார்த்துப் பழகிய உங்களுக்கு, இரு நாடுகளையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் பாலத்தில் நிற்கும் கார் வரிசையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் அதைக் கடப்பதற்கே சில மணி நேரம் பிடிக்கும். மருமகன் ஒரு செவ்வாயோ புதனோ விடுப்பு எடுக்கட்டும். இரண்டாவது எல்லைப் பாலமாக 1998இல் திறந்த துவாஸ் பாலம் யீஷூனிலிருந்து சுற்றுவழிதான் என்றாலும், பெரும்பாலும் அங்கே நெரிசல் குறைவு.

அதற்கு முன், சென்னையிலேயே பார்த்துவிட வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று அந்தத் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒருமுறை நுழைவுக்கு மட்டுமான விசா என்றால், மலேசியாவுக்குள் கால் வைத்த பிறகு அதே விசாவில் மகள் வீட்டுக்குத் திரும்ப முடியாது. மலேசியாவைப் பொறுத்தவரை, இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு 2026 இறுதி வரை உள்ளது. இருந்தாலும் மின்னியல் வருகை அட்டையைப் புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையையும் புதிதாக நிரப்ப வேண்டும். விமானத்தில் வந்தபோது நிரப்பியது இதற்குச் செல்லாது. இரண்டும் இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசினுடையதன்று.

காரைப் பற்றிய பொறுப்பு மருமகனுடையது. மலேசியாவுக்கான வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். சுங்கச் சாலைக்கான டச் அன் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முந்தைய இரவே பார்த்துவிட்டால், பின்னால் நிற்பவர்களின் ஹார்ன் சத்தத்திலிருந்து தப்பிக்கலாம்.

கணவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வரிசையில் சிக்கிக்கொண்டால் இறங்கிக் கழிப்பறைக்குப் போக வழியிருக்காது. சாப்பாட்டு வேளையும் தவறும். ஆகவே மாத்திரை, தண்ணீர், நான்கு இட்லி, சர்க்கரை இறங்கினால் கொடுக்க ஓர் இனிப்பு ஆகியவற்றை டிக்கியில் வைக்காமல் உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைக் கடந்தபின் நெடுஞ்சாலையில் வரும் ஓய்விடங்களில் ஒன்றான மாச்சாப்பில் நிறுத்தி, அவர் சிறிது நடக்கட்டும்.

ஒரு பகலில் மலாக்கா முழுவதையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸில், மலாக்கா செட்டிகள் 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. தமிழ் மறந்து மலாய் பேசும் அந்தச் சமூகம் பிள்ளையாரை மட்டும் மறக்கவில்லை. அதே வரிசையில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இருப்பதால், அதிகம் நடக்காமலே மூன்றையும் பார்த்துவிடலாம். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். திரும்பும் காரில் பேரப்பிள்ளைகள் வாங்கிய சூயிங்கம் எதுவும் இருக்கக் கூடாது. சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவரத் தடை உண்டு. வார நாளில் விடுப்பு கிடைக்காவிட்டால், மலாக்காவிலேயே ஓர் இரவு தங்கிவிட்டு ஞாயிறு அதிகாலையில் திரும்புங்கள்.