மழை பொய்த்தால் பஞ்சம் வந்தே தீருமா? சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

வானிலையின் வரலாறு பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 1876–78இல் தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றியவை. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

அம்மாபேட்டை வாசகி: தாது வருஷம் வந்தால் பஞ்சமும் கூடவே வரும் என்று என் பாட்டி சொல்வார். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வறட்சி திரும்ப வருமா?

வராது, அம்மா. 1876 ஏப்ரலில் பிறந்த தாது, 1936இலும் 1996இலும் மறுபடி வந்துபோனது. பஞ்சம் எதுவும் வரவில்லை. 1996 ஜூனில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்ததுதான் மிச்சம். அறுபது என்பது வியாழன், சனி ஆகியவற்றின் சுற்றைக் கொண்டு போட்ட கணக்கு. மழை அந்தக் கணக்கைப் பார்த்துப் பெய்வதில்லை. உங்கள் பாட்டியைக் குறை சொல்லவும் மாட்டேன். சாவு மிகுந்தது அடுத்து வந்த ஈசுவர வருஷத்தில்தான் என்றாலும், ஊர் நினைவில் தாதுவின் பெயரே நின்றுவிட்டது.

ஓமலூர் ஆசிரியை: 1876இல் வானத்தில் என்னதான் நடந்தது?

சேலத்துக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நமக்குப் பங்கு இருக்கிறது. கோடையில் சேர்வராயன் மலையை ஒட்டித் திரளும் இடிமழை தனி. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று ஓரளவு ஈடுகட்டும். 1876இல் இரண்டும் சேர்ந்து ஏமாற்றின. அடுத்த ஆண்டு, பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதி அளவுக்கு மீறிச் சூடானது. எல் நினோ என்கிறோமே, அதுதான். பதிவில் உள்ள மிகக் கடுமையான எல் நினோக்களில் அதுவும் ஒன்று. 1877இன் தென்மேற்குப் பருவமழையும் அதில் கெட்டது. இந்தியாவில் மட்டுமல்ல, அதே சமயத்தில் வட சீனாவிலும் வடகிழக்குப் பிரேசிலிலும் மக்கள் பட்டினியில் செத்தார்கள்.

இந்த மூன்று இடங்களுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்பது அன்று யாருக்கும் தெரியாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியே ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதன் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயமலைப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பைத் தேடினார். 1904இல் பொறுப்பேற்ற கணித வல்லுநர் கில்பர்ட் வாக்கர், மழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகெங்கும் இருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்று அதிலிருந்து கண்டுபிடித்தார். எல் நினோவைப் புரிந்துகொள்ள அதுவே வாசல். ஒன்றை மறக்க வேண்டாம்: எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் நன்றாகவே பெய்யும். "எல் நினோ வருகிறது" என்ற செய்தியைப் பார்த்த உடனே கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டாம்.

கொண்டலாம்பட்டி நெசவாளர்: எங்கள் முன்னோர் நிலம் வைத்திருந்தவர்கள் இல்லை. மழை பெய்யாததற்குத் தறிக்காரர் ஏன் பட்டினி கிடந்தார்?

ஐயா, வந்ததிலேயே கூர்மையான கேள்வி உங்களுடையதுதான்.

விளைச்சல் போனதும் சோளம், கம்பு, கேழ்வரகு விலை ஏறும். உழவர் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதை. தறி ஓடாது, கூலி வராது. கடைவீதியில் தானிய மூட்டை கண்ணுக்குத் தெரியும். வாங்கக் கையில் காசு இருக்காது. பஞ்சம் என்பது பெரும்பாலும் தானியம் இல்லாமையால் அல்ல, அதை வாங்கும் வழி அற்றுப்போவதால் வருகிறது என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதியது உங்கள் முன்னோர் கதைதான். கூலிக்காரர், நெசவாளர், கைத்தொழில் செய்பவர் ஆகியோர் முன்வரிசையில் விழுந்தார்கள்.

சேலம் வழியாக ரயில் 1860களின் தொடக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. தானியத்தைக் கொண்டுவரும் அதே ரயில், விலை அதிகம் கிடைக்கும் ஊருக்கு அதை எடுத்துக்கொண்டும் போகும். கேழ்வரகைக் குழியில் கொட்டி ஆண்டுக்கணக்கில் காப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதற்குப் பூச்சி எளிதில் பிடிக்காது. ஆனால் நிலவரியைக் காசாகக் கட்ட வேண்டியவர் எவ்வளவு காலம் குழியை மூடியே வைத்திருக்க முடியும்? உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்ட மண்ணும் இதுதான். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து வரி போட்டார்கள்.

இனி ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள். 1873–74இல் பீகாரில் வறட்சி வந்தபோது இவர் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவை வெகுவாகக் குறைத்தார். பாராட்டா கிடைத்தது? பணத்தை வாரி இறைத்தார் என்று திட்டு வாங்கினார். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அவரையே சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இம்முறை அவர் நல்ல பெயர் எடுக்க முடிவுசெய்துவிட்டார். நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் என்று கூலியைக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் வாதாடினார். சில மாதங்கள் கழித்துக் கூலி உயர்ந்தது. அந்தச் சில மாதங்களுக்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தில் 1871இல் ஏறத்தாழ 19.7 லட்சம் பேர் இருந்தார்கள். 1881 கணக்கெடுப்பில் 16 லட்சம். செத்தவர், காலராவில் போனவர், பிறக்காமலே போன பிள்ளைகள், இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு இடங்களுக்கும் பிழைக்கப் போனவர் எல்லாரும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள்.

பொறியியல் மாணவர்: அப்படியானால் மழையின் மீது பழியே இல்லையா?

இருக்கிறது. எவ்வளவு என்று பார்க்க இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. 1876இல் தமிழகப் பகுதியின் வடகிழக்குப் பருவமழை 163.5 மில்லிமீட்டர். 2016இல் 168.3. வழக்கமான அளவு சுமார் 440. நடுவில் நூற்று நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் வந்ததில்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. தென்னை காய்ந்தது, மாட்டைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள், குடிநீருக்கு லாரிக்காகக் காத்துக் கிடந்தார்கள். கடனில் மூழ்கியவர்களும் உயிரை விட்ட விவசாயிகளும் உண்டு. அதைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். ஆனால் ஊர் ஊராகப் பிணம் விழவில்லை. ரேஷன் கடையில் அரிசி இருந்தது. நூறு நாள் வேலை இருந்தது. திருப்பூருக்குப் பஸ் இருந்தது. ஏறத்தாழ அதே வானம்தான். கீழே இருந்த ஏற்பாடுதான் வேறு.

தமிழ் படிக்கும் மாணவி: பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் (பஞ்சம்) என்று இறையனார் களவியல் உரையில் வருகிறது. நடந்ததா?

பன்னிரண்டு என்பதைக் கதைக்குரிய எண்ணாகவே எடுத்துக்கொள்வேன். எனக்குப் பிடித்த இடம் வேறு. அரசன் புலவர்களை அழைத்து, உங்களைக் காக்க என்னால் முடியாது, எங்காவது போய்ப் பிழைத்து, நாடு பழையபடி ஆனதும் என்னை நினைத்துத் திரும்பி வாருங்கள் என்கிறான். கையில் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் அரசு! லிட்டனோ 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார்.

மேட்டூர் வாசகர்: பண்ணவாடியில் நந்தி வெளியே தெரிந்தால் சேலத்தில் வறட்சி என்று கொள்ளலாமா?

கூடாது. அந்த நந்தி அணை நீரில் மூழ்கிய பழைய கோயிலுடையது; நீர் இறங்கினால் வெளியே தெரியும். 1934இல் முடிந்த மேட்டூர் அணையை நிரப்புவது பெரும்பாலும் கர்நாடகத்து மழை. சேலத்தில் வெளுத்து வாங்கும்போதே நந்தி முழுதாகத் தெரியலாம். நம் மழையைப் பார்க்க மூக்கனேரிக்குப் போங்கள். சேர்வராயன் சரிவில் விழும் நீர் அங்கே தெரியும்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர்: முன்பெல்லாம் குளிர் அதிகம் என்கிறார்களே?

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 பாகை உயர்ந்திருக்கிறது. மரம் போய்க் கட்டடம் வந்த இடத்தில் உடம்பு அதைவிடக் கூடுதலாகவே உணரும். மற்றபடி, முதியவர்கள் சொல்லும் குளிரில் பாதி அவர்களுடைய இளமை.

காபித் தோட்டக்காரர், சேர்வராயன் மலை: அப்பா எழுதிவந்த மழைப் பதிவேடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பழைய தாள் கடைக்குப் போட வீட்டில் சொல்கிறார்கள்.

போடாதீர்கள்! ஆட்சியர் காக்பர்ன் 1820களில் இங்கே காபி கொண்டுவந்த காலம் தொட்டே இந்த மலையின் பிழைப்பு மழையின் தேதியில்தான் தொங்குகிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் செடி பூக்க வேண்டும். அந்த மழை எந்த ஆண்டு எந்த நாளில் வந்தது என்பது உங்கள் பெட்டியில் இருக்கிறது. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். அங்குலமும் சென்டுமாக எழுதியிருந்தால் மாற்றாமல் அப்படியே பதியுங்கள். நூறு சென்ட் ஓர் அங்குலம், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், கணக்கைப் பிறகு போடலாம். வெற்றுக் கட்டமும் சுழியமும் ஒன்றல்ல. மழையே இல்லையா, அன்று அளக்க ஆள் இல்லையா என்பதைப் பிரித்துக் குறியுங்கள். மழைமானியை எப்போதாவது இடம் மாற்றியிருந்தால், எந்த ஆண்டு, எங்கிருந்து எங்கே என்று அப்பாவுடன் வேலை பார்த்த பழைய மேஸ்திரியிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதைச் சொல்ல அவரைத் தவிர வேறு ஆள் இருக்க மாட்டார்.