குரோம்ல தெரியுற படம் சஃபாரில மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

குரோம்ல எல்லாப் படமும் வருது, பழைய ஐபோன் சஃபாரில மட்டும் காலிக் கட்டம்தான் தெரியுதுன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஃபைல் ஃபார்மேட்டைத்தான். வெப்பி (WebP)ங்கிற பட ஃபார்மேட்டுக்கு சப்போர்ட் சஃபாரிக்கு 2020ல, 14வது வெர்ஷன்லதான் வந்துச்சு, ஏவிஐஎஃப் (AVIF)ங்கிற இன்னொரு பட ஃபார்மேட் அதைவிட லேட், 2022ல 16வதுல, அதுக்கு முந்தின வெர்ஷன்ல கேஷை (பிரவுசர் சேத்து வச்சிருக்கிற பழைய காப்பியை) எத்தனை தடவை கிளியர் பண்ணாலும் ஒண்ணும் நடக்காது. ஃபைல் பேர் கடைசில ஜேபிஜின்னு மாத்தி வச்சாலும் உள்ள இருக்கிறது வெப்பிதானே.

இதுக்கு உங்க பக்கத்தோட எச்டிஎம்எல் கோட்ல பிக்சர் டேக் (<picture>) போடுங்க. உள்ள சோர்ஸ் டேக்ல ஏவிஐஎஃப், அடுத்து வெப்பி, கடைசியா சாதா இமேஜ் டேக்ல ஜேபெக், பிரவுசர் மேலேருந்து பாத்துட்டு வந்து தனக்குப் புரியுற முதல் ஒண்ணை எடுத்துக்கும். ஒவ்வொரு சோர்ஸ்லயும் அது எந்த ஃபார்மேட்னு சொல்ற டைப் (type) கண்டிப்பா இருக்கணும் (நிறைய பேர் விடுறது இதைத்தான்), இல்லன்னா புரியாத ஃபைலையே எடுத்துட்டு நிக்கும், கீழ இருக்கிற ஜேபெக் பக்கம் வரவே வராது.

ஃபார்மேட் சரியா இருந்தும் வரலையா, டெவலப்பர் டூல்ஸ்ல நெட்வொர்க் டேபைப் பாருங்க. பிளாக்டுன்னு இருந்தா பெரும்பாலும் ஆட் பிளாக்கர் வேலை, ஃபைல் பேர்ல பேனர், ஆட்ஸ்னு ஏதாவது இருந்தா மாத்திப் பாருங்க. 404ன்னா, அதாவது ஃபைல் அங்க இல்லைன்னு வந்தா, பாத் (ஃபைல் இருக்கிற இடத்தோட முகவரி) தப்பு, குரோம் பழைய கேஷ்லேருந்து காட்டிட்டு இருந்திருக்கும்.