மனநோயும் கிரிமினல் வழக்கும்: கேள்வி பதில்

திண்டுக்கல் வாசகர்: என் தம்பிக்கு ஆறு வருடமாக ஸ்கீசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டையால் அடித்துவிட்டு ரிமாண்டில் இருக்கிறான். டாக்டர் சான்று கொடுத்தால் விட்டுவிடுவார்களாமே?

பதில்: சான்று மட்டும் போதாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு (பழைய இ.பி.கோ. 84) பார்ப்பது ஒன்றைத்தான். கட்டையை ஓங்கிய அந்த நேரத்தில், தான் என்ன செய்கிறோம் என்பதோ அது தவறு என்பதோ தெரியாத நிலையில் இருந்தானா? அதைக் காட்டவேண்டிய பொறுப்பு உங்கள் பக்கம். ஆனால் போலீஸ் தரப்பைப் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 1964-லேயே தாஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

அதனால் சம்பவத்தை ஒட்டிய நாட்களின் தாள்களைத் தேடுங்கள். என்னிடம் வந்த ஓர் அம்மா, மகனுடைய ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்தார். சம்பவத்துக்குப் பன்னிரண்டு நாள் முந்தைய சீட்டில் டாக்டர் கிறுக்கியிருந்த வரி: ‘மாத்திரை நிறுத்திவிட்டார், காதில் குரல்.’ பிறகு வாங்கிய நீளமான சான்றிதழைவிட அந்த ஒரு வரிதான் கோர்ட்டில் நின்றது. அப்புறம், அடித்துவிட்டு ஓடினானா, கட்டையை ஒளித்தானா என்று அரசு வழக்கறிஞர் நிச்சயம் குடைவார். அதற்கும் தயாராக இருங்கள்.

அதே வாசகர்: இப்போது ஜெயிலில் என்னையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இதுவும் வழக்குக்கு உதவுமா?

பதில்: உதவும், ஆனால் இது வேறு கேள்வி. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அன்றைய மனநிலை குற்றப் பொறுப்பைப் பற்றியது. இன்றைய மனநிலை, வழக்கை எதிர்கொள்ள முடியுமா என்பதைப் பற்றியது. தன் தரப்பைச் சொல்ல முடியாதவரை வைத்து விசாரணை நடத்தக்கூடாது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 367, 368 பிரிவுகளில் பெட்டிஷன் போடச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உள்நோயாளியாக வைக்கத் தேவையில்லை என்றால் ஜாமீனில் விடமுடியாத குற்றத்துக்கும் 369-ல் ஜாமீன் உண்டு. வெளிநோயாளியாகத் தவறாமல் சிகிச்சைக்கு அழைத்துப் போவேன், யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்று உறவினரோ நண்பரோ பொறுப்பேற்க வேண்டும்.

இப்படி மனநிலை காரணமாகத் தள்ளிவைத்த வழக்கை யாராவது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அசாமில் மச்சாங் லாலுங் 1951-ல் கைதாகி தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-ல் குணமாகிவிட்டார் என்று சான்று வந்தும், வெளியே வந்தது 2005-ல். 54 வருடம், விசாரணையே இல்லாமல்!

கோவை வாசகி: தங்கை தூக்க மாத்திரை விழுங்கிவிட்டாள். பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். கேஸ் வருமா?

பதில்: பயப்படாதீர்கள். தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய இ.பி.கோ. 309-வது பிரிவு 2024 ஜூலை 1 முதல் இல்லை. அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைக்கச் செய்தால் மட்டும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 226-வது பிரிவு வரும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவும், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுவதும் ஸ்டேஷனுக்குத் தகவல் போவதும் வழக்கமான நடைமுறைதான். இப்போது வேண்டியது வக்கீல் அல்ல, மனநல மருத்துவர். 14416 (டெலி மானஸ்) இலவசம், தமிழிலும் பேசலாம்.

நாகர்கோவில் வாசகர்: மனநலம் பாதித்து தெருவில் சுற்றித் திரிந்தவரை போலீஸ் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். சரியா?

பதில்: தப்பு. மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு: 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது.

சேலம் வாசகர்: 22-வது பிரிவில் விடுதலையானால் நேரே வீட்டுக்கா?

பதில்: எப்போதும் இல்லை. பாதுகாப்பான இடத்தில் வைக்கவும் கோர்ட் உத்தரவிடலாம்; பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். விடுதலைத் தீர்ப்பு வருவதற்கு முன்பே யார் பொறுப்பேற்பது என்று வீட்டில் பேசி வைத்துவிடுங்கள்.