நட்சத்திரப் பட்டியல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஏழாம் வகுப்பின் வகுப்பாசிரியை. ஒழுங்காக இருப்பவர்களுக்கு நட்சத்திரம் என்று ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினேன். பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பேனா. முதல் மாதம் வகுப்பே மாறிவிட்டது. இப்போது எதைச் சொன்னாலும் "செஞ்சா ஸ்டார் உண்டா மிஸ்?" என்று கேட்கிறார்கள். மூன்று பேருக்கு நேரே கட்டங்கள் காலியாகவே கிடக்கின்றன. தொந்தரவு செய்வதும் அவர்கள்தான். எவ்வளவு சத்தம் போட்டாலும் பலனில்லை. பேனாவுக்குப் பதில் வேறு என்ன பரிசு கொடுக்கலாம்? இடம் மாற்றி உட்காரவைத்தால் உதவுமா? விதிகளை எழுதி ஒட்டலாமா?

வி.

அன்புள்ள வி.,

"எவ்வளவு சத்தம் போட்டாலும் பலனில்லை" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். நான் நின்றுவிட்டது அந்த வரியில்தான். வகுப்பில் கண்டிக்கும் குரலைப் பற்றி எழுதவேண்டும் என்று சில நாட்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். இடம் மாற்றுவதென்றால் மொத்த வகுப்பையும் மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அந்த மூவரை மட்டும் முன்பெஞ்சுக்கு இழுத்தால் அதற்குப் பெயர் தண்டனை. விதிகள் நான்குக்கு மேல் வேண்டாம். ஒட்டினால் மட்டும் எதுவும் நடக்காது. 1968-இல் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை வகுப்பறையில் சோதித்துப் பார்த்தார்கள். விதிகளைச் சொன்னதால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை. சரியாக நடப்பதை ஆசிரியர் கவனித்துப் பாராட்டத் தொடங்கிய பிறகுதான் வகுப்பு மாறியது.

பரிசைப் பற்றி 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வு உண்டு. வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று சொல்லி வரையவைத்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. பரிசே கூடாது என்பதல்ல இதன் பொருள். முன்கூட்டி விலை பேசிவிட்டால் பிள்ளைகளும் விலைதான் பேசுவார்கள். பேனாவை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. வேறு பரிசு தேடி அலையாதீர்கள்.

இனி அந்தச் சத்தம். 1970-இல் ஓ'லியரியும் அவருடைய குழுவினரும் ஒரு எளிய காரியம் செய்தார்கள். வகுப்பே கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்த ஆசிரியர்களை, அதே கண்டிப்பை அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி சொல்லச் சொன்னார்கள். தொந்தரவு குறைந்தது. திரும்ப உரக்கச் சொல்லவைத்தபோது கூடியது. அவை தொடக்கப்பள்ளி வகுப்புகள். நடுநிலை வகுப்பில் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்து கார்ட்னரும் ஸ்டைன்பெர்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்வயதினர் கூடுதல் ஆபத்தைத் துணிந்து எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றமில்லை. நாற்பது பேர் பார்க்க ஒரு பையனைத் திட்டும்போது நீங்கள் அவனுக்கு ஒரு மேடை போட்டுத் தருகிறீர்கள், அம்மா. மேடையில் ஏறியவன் தலைகுனிந்து இறங்கமாட்டான்.

ஆகவே இப்படிச் செய்துபாருங்கள். முதலில் மொத்த வகுப்புக்கும் ஒரு வேலை கொடுங்கள். கண்கள் நோட்டுக்குப் போகட்டும். நேரே அவனிடம் நடக்காதீர்கள். வழியில் இரண்டு பேருடைய நோட்டைப் பாருங்கள், மூன்றாவதாக அவனிடம் நில்லுங்கள். எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, உட்கார்ந்திருக்கும் அவன் உயரத்துக்குக் குனியுங்கள். உங்கள் பார்வை அவன் முகத்தில் இல்லாமல் நோட்டில் இருக்கட்டும். செய்யக்கூடாததைச் சொல்லாதீர்கள், செய்யவேண்டியதைச் சொல்லுங்கள்: "நோட்டைத் திற. மூணாவது கணக்குலேர்ந்து போடு. திரும்பி வந்து பாக்கறேன்." அவ்வளவுதான், பத்து வார்த்தைக்குமேல் வேண்டாம். "ஏன் பேசற?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடையாது. அவன் பக்கத்து பெஞ்சைச் சிரிக்கவைக்க ஒரு பதில் தயாரிப்பான். சொல்லி முடித்ததும் நகர்ந்துவிடுங்கள்.

பெரும்பாலான ஆசிரியர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். சொன்னதை அவன் செய்கிறானா என்று தலைமாட்டிலேயே நிற்கிறார்கள். அது போட்டியாகிவிடும். அரை நிமிடமாவது கொடுங்கள். அவன் முணுமுணுப்பான், பேனாவை மெதுவாகத் தேடுவான். வேலையைத் தொடங்கிவிட்டானென்றால் முணுமுணுப்பை விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து அதே தாழ்ந்த குரலில் "இந்த ஸ்டெப் சரி" என்று மட்டும் சொல்லுங்கள். எல்லோருக்கும் கேட்க "வெரி குட்" வேண்டாம். இந்த வயதில் பலருக்கு அதுவும் கூச்சம்தான்.

குரலைத் தாழ்த்திவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் பயனில்லை. வார்த்தை கேட்காவிட்டாலும் உங்கள் முகத்தை வகுப்பு படித்துவிடும். "நேத்தும் இதேதான்" என்று பழையதை இழுத்தாலும் எல்லாம் கெட்டது.

ஓரிடத்தில் மட்டும் உரக்கச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை நிறத்தையோ உடலையோ பிறப்பையோ சொல்லி இழிவுபடுத்தினால், அந்தக் கணமே, எல்லோருக்கும் கேட்கும்படி: "இந்த வகுப்புல அந்த வார்த்தை கிடையாது." ஏனென்றால் காயப்பட்ட பிள்ளை அதைக் கேட்கவேண்டும். அங்கே மௌனமாக இருப்பது சம்மதம்தான். அதற்குமேல் பேசவேண்டியதைப் பாடம் முடிந்தபின் தனியாகப் பேசுங்கள். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள். அது வாயளவில்தான் வரும், இடைவேளையில் பழிவாங்கலாகத் திரும்பும்.

இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். மூன்று பெயர்கள், காலிக் கட்டங்கள், உள்ளே வருகிற எவரும் படிக்கலாம். நீங்கள் வாய்மூடியிருக்கும் நேரத்திலும் அது அந்த மூவரையும் உரக்கத் திட்டிக்கொண்டே இருக்கிறது. நல்ல மனத்தோடுதான் ஒட்டியிருக்கிறீர்கள், தெரியும். ஆனாலும் கழற்றுங்கள். கழற்றும் அன்றே, சேர்ந்த நட்சத்திரங்களுக்குக் கொடுக்கவேண்டிய பேனாக்களைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏமாற்றிவிட்டீர்கள் என்பார்கள், அவர்கள் சொல்வது நியாயமாகவும் இருக்கும்.

பட்டியலுக்குச் செலவான நேரத்தை வீடுகளுக்குப் போன் செய்யச் செலவிடுங்கள். பிள்ளை சரியாகச் செய்த ஒரு காரியத்தை, நடந்தது நடந்தபடி, ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். "ஆனால்" என்று தொடங்கும் இரண்டாம் பாதி வேண்டாம். நாளுக்கு மூன்று வீடு என்றால் நாற்பது பேருக்கு மூன்று வாரம்கூட ஆகாது. பிறகு ஒருநாள் புகார் சொல்ல அழைக்கவேண்டி வந்தால், எடுப்பவர் காதுகொடுத்துக் கேட்பார். முதல் நாளின் மூன்று வீடுகள் எவை என்பது உங்களுக்கே தெரியும்.